வகுப்பறைத் தொழில்நுட்பம் பயன்பாடின்றிக் கிடப்பது ஏன்? – மதுரை வட்டாரப் பள்ளிகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கணினி, மடிக்கணினி, உயர்தொழில்நுட்ப ஆய்வகம், திறன்மிகு வகுப்பறை, கையடக்கக் கணினி எனப் பல கருவிகள் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு அடுத்தடுத்து வந்து சேர்ந்துள்ளன. அவற்றுள் ஒரு பகுதி கற்பித்தலில் இடம்பெறாமலே பழமையடைகிறது. ஆசிரியரின் ஆர்வமின்மையே இதற்குக் காரணம் எனக் கூறும் வழக்கம் கல்வி நிர்வாகத்திலும் ஆய்வேடுகளிலும் வேரூன்றியுள்ளது. இக்கட்டுரை அக்கருத்தை மறுபரிசீலனை செய்கிறது. பாடவேளை, பொருட்பொறுப்பு, பராமரிப்பு, தேர்வு, தகவல் பதிவேற்றம் ஆகிய ஐந்தும் சேர்ந்து கருவியைப் பயன்படுத்துவதன் சுமையை ஆசிரியர் மீதும், பயனைப் பிறர் மீதும் ஏற்றுகின்றன என்பதை மதுரை நகரத்தையும் அதைச் சூழ்ந்த சமவெளிப் பகுதியையும் முன்வைத்து விளக்குகிறது. மேலூர் வட்டத்து இணைய மையங்களின் அனுபவமும் கேரளப் பள்ளிகளின் அனுபவமும் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வகுப்பறைத் தொழில்நுட்பம், ஆசிரியர், பாடவேளை, பராமரிப்பு, உயர்தொழில்நுட்ப ஆய்வகம், திறன்மிகு வகுப்பறை, மதுரை, மேலூர்.

முன்னுரை

கற்பித்தல் என்பது ஆசிரியர், மாணவர், பாடப்பொருள் ஆகிய மூன்றின் கூட்டுறவால் நிகழ்வது. கருவி அக்கூட்டுறவிற்குத் துணை நிற்பது. துணை நிற்க வேண்டிய கருவி பூட்டிய அறையிலோ இரும்பு அலமாரியிலோ தங்கிவிடும்போது பொதுப்பணம் வீணாகிறது என்ற கவலை எழுகிறது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கருவி ஏன் பயன்படவில்லை என்ற வினாவிற்குத் தவறான விடை ஏற்கப்பட்டால், அடுத்த கொள்முதலும் அதே வழியில் செல்லும். வீட்டில் கணினியோ தனிப்பயிற்சியோ இல்லாத முதல் தலைமுறை மாணவரே அதன் விளைவைத் தாங்குகிறார். ஆகவே, இவ்வினாவிற்குச் சரியான விடை காண்பது கல்வியியல் ஆய்வின் கடமைகளுள் ஒன்றாகிறது.

தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. 2018–19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு க்யூஆர் குறியீடு தாங்கிய புதிய பாடநூல்கள் வெளிவந்தன. 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. அதே காலத்தில் 6,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் நிறுவப்பட்டன. 2024-ஆம் ஆண்டு முதல் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ 23,000 திறன்மிகு வகுப்பறைகளை அமைக்கும் பணியும், ஏறத்தாழ 80,000 ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி வழங்கும் பணியும் நடைபெற்றன. கருவிகள் இல்லை என்னும் குறை இவ்வாறு பெருமளவு நீங்கியது. ஆனால், இருக்கும் கருவி ஏன் இயங்கவில்லை என்னும் வினா அதனால் முன்னிலும் கூர்மை பெற்றது.

சிக்கலின் பழமை

இச்சிக்கல் கணினியோடு பிறந்ததன்று. திரைப்படக் கருவி வந்தபோது, பள்ளிகளில் நூல்கள் விரைவில் வழக்கொழியும் எனத் தாமஸ் எடிசன் 1913-இல் கருத்துத் தெரிவித்தார். நூல்கள் வழக்கொழியவில்லை; திரைப்படமும் வகுப்பறையின் அன்றாடக் கருவியாகவில்லை. அமெரிக்கப் பள்ளிகளில் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி, கணினி ஆகியவை அடுத்தடுத்து நுழைந்த வரலாற்றை லாரி கியூபன் 1986-இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். ஒவ்வொரு கருவியும் பெரும் எதிர்பார்ப்போடு வந்து, சில ஆசிரியரால் சில வேளைகளில் மட்டும் கையாளப்பட்டு, பின்னர் ஆசிரியரே குறைகூறப்படும் நிலையில் முடிந்தது என்பது அவர் காட்டும் ஒழுங்கு.

இந்தியாவிலும் இதற்கு இணையான நிகழ்வுகள் உண்டு. 1984–85-இல் மத்திய அரசு தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் இங்கிலாந்திலிருந்து தருவித்த பிபிசி மைக்ரோ கணினிகளை அடிப்படையாகக் கொண்டது. 1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம் தொடக்கப்பள்ளிகளுக்கு இரு அறை, இரு ஆசிரியர், கற்பித்தல் துணைக்கருவிகள் ஆகியவற்றை வழங்க முனைந்தது. குஜராத்தில் அத்திட்டத்தின் நடைமுறையை ஆராய்ந்த கரோலின் டையர், ஆசிரியரின் தேவை என்ன என்பதை ஆசிரியரிடம் கேட்காமலே மேலிடம் முடிவு செய்தமையை அதன் அடிப்படைக் குறையாகக் கண்டார்.

இதற்கு எதிர்த்திசையில் நிகழ்ந்த ஒன்றும் தமிழ்நிலத்தின் கல்வி வரலாற்றில் உள்ளது. சென்னையில் ஆதரவற்ற சிறுவர் காப்பகத்தின் கல்விப் பொறுப்பை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் காப்பகத்தில் பின்பற்றினார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையோடு சேர்த்து அதை 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. மணல் எங்கும் கிடைப்பது, உடையாதது, பழுதுபார்ப்பவரை வேண்டாதது, தவற்றை உடனே அழித்தெழுத இடந்தருவது. ஒரு கருவி வகுப்பறையில் நிலைபெறுவதற்கு வேண்டிய இயல்புகள் இவையே. கரும்பலகை இன்றளவும் நீடிப்பதும் இவ்வியல்புகளால்தான்.

ஆய்வாளர் தரும் விளக்கங்களும் அவற்றின் எல்லையும்

தொழில்நுட்ப ஏற்பைப் பற்றிய ஆய்வுகளில் மூன்று கோட்பாடுகள் மிகுதியாக எடுத்தாளப்படுகின்றன. ஃபிரெட் டேவிஸ் 1989-இல் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி, பயனுள்ளது என்ற எண்ணமும் எளிதானது என்ற எண்ணமும் ஒருவரைக் கருவியின்பால் ஈர்க்கின்றன என்கிறது. பெக்கி எர்ட்மர் 1999-இல் தடைகளை இரு வகையாகப் பகுத்தார். கருவி, நேரம், பயிற்சி, உதவி ஆகியவற்றின் குறை முதல்நிலைத் தடை. கற்பித்தல் பற்றிய ஆசிரியரின் நம்பிக்கைகள் இரண்டாம்நிலைத் தடை. பூன்யா மிஸ்ரா, மேத்யூ கோலர் ஆகியோர் 2006-இல் முன்வைத்த கோட்பாடு, பாட அறிவு, கற்பித்தல் அறிவு, தொழில்நுட்ப அறிவு ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்திலேயே பயனுள்ள பயன்பாடு தோன்றும் என்கிறது.

இக்கோட்பாடுகள் பயனுடையவை. எனினும், தமிழ்நாட்டுச் சூழலில் இவற்றைக் கையாளும் ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆசிரியரிடம் மனப்பான்மை வினாநிரல் ஒன்றை அளித்து, கிடைத்த மதிப்பெண்ணைப் பாலினம், வயது, பணி அனுபவம், நகரம்–கிராமம் என்ற மாறிகளோடு ஒப்பிடுவதோடு நின்றுவிடுகின்றன. அளக்கும் கருவி மனப்பான்மையை மட்டுமே அளப்பதால், முடிவும் மனப்பான்மை பற்றியதாகவே அமைகிறது. ஆசிரியருக்கு நேர்மறை மனப்பான்மையை வளர்க்கப் பயிற்சி தேவை என்ற பரிந்துரை அதனைத் தொடர்கிறது. ஆசிரியர் விரும்பியும் பயன்படுத்த இயலாத நிலை இம்முறையில் புலப்படுவதில்லை.

மதுரை வட்டாரத்தின் பள்ளி அமைப்பு

மதுரை மாவட்டத்தில் பள்ளிகள் ஒரே குடையின் கீழ் இயங்குவதில்லை. பள்ளிக்கல்வித் துறையின் பள்ளிகள், வெள்ளிவீதியார், பொன்முடியார், காக்கைப்பாடினியார் எனச் சங்கப் புலவர் பெயர் தாங்கியவை உள்ளிட்ட மாநகராட்சிப் பள்ளிகள், உசிலம்பட்டி முதலிய பகுதிகளில் உள்ள கள்ளர் சீரமைப்புத் துறைப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலத்துறைப் பள்ளிகள், அரசு உதவி பெறும் பள்ளிகள் எனப் பல நிர்வாகங்கள் அருகருகே உள்ளன. கருவி ஒரு துறை வழியாக வந்து, கட்டடம், மின் கட்டணம், காவல் ஆகியவை வேறொரு துறையின் பொறுப்பாகும் வாய்ப்பு இவ்வமைப்பிலேயே உள்ளது. பழுது நேரும்போது யாரிடம் முறையிடுவது என்ற வினாவிற்குப் பள்ளிக்குப் பள்ளி விடை வேறுபடும்.

பள்ளியின் அளவும் முக்கியமானது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 மாணவர் வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் உரியர். ஆகவே, சிற்றூர்களில் ஈராசிரியர் பள்ளி என்பது விதிவிலக்கன்று. சட்டமே ஏற்றுக்கொண்ட அமைப்பு. அங்கு ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்கின்றனர். ஒருவர் விடுப்பிலோ பயிற்சியிலோ இருந்தால் ஐந்து வகுப்பும் ஒருவரிடம் சேரும். இந்தச் சூழலில் ஒரு திரையை இயக்குவது எத்தகைய செயல் என்பதை அடுத்துக் காணலாம்.

பாடவேளைக் கணக்கு

ஆசிரியரின் முடிவுகள் பெரும்பாலும் பாடவேளை என்னும் குறுகிய காலத்திற்குள் எடுக்கப்படுபவை. எடுத்துக்காட்டாக, 40 நிமிடப் பாடவேளையில் 40 மாணவர் கொண்ட ஒன்பதாம் வகுப்பை 20 கணினிகள் உள்ள ஆய்வகத்திற்கு அழைத்துச் செல்வதாகக் கொள்வோம். வரிசைப்படுத்தி அழைத்துச் செல்லவும் அமரவைக்கவும் 6 நிமிடம். கணினிகளை இயக்கிக் கணக்கில் நுழையவைக்க 7 நிமிடம். மீண்டும் வகுப்பறைக்குத் திரும்ப 5 நிமிடம். மீதமிருப்பது 22 நிமிடம். 20 கணினிகளில் மூன்று இயங்கவில்லை என்றால், ஆறு மாணவரை வேறிடங்களில் நெருக்கி அமர்த்த வேண்டும். இணையம் தடைப்பட்டால் 22 நிமிடமும் ஒழுங்கு காக்கும் பணியாக மாறும். கரும்பலகைக்கு இத்தகைய முன்செலவு ஏதுமில்லை. ஆசிரியர் வகுப்பினுள் நுழைந்தவுடன் அது ஆயத்தமாக உள்ளது.

இங்கு ஒப்பிடப்பட வேண்டியது கருவியின் மிகச் சிறந்த விளைவன்று. அது தவறும்போது நேரும் இழப்பு. பத்து முறை இயக்கி ஏழு முறை நன்கு இயங்கும் கருவி, கொள்முதல் அறிக்கையில் வெற்றியாகத் தோன்றலாம். மூன்று முறை வகுப்பின் முன் தடுமாறிய ஆசிரியருக்கு அது நம்பத்தகாத கருவி. ஒவ்வொரு முறையும் கரும்பலகைப் பாடம், கருவிப் பாடம் என இரண்டையும் ஆயத்தம் செய்துகொள்ள நேர்வதால் அவருடைய உழைப்பு இரட்டிக்கிறது.

ஈராசிரியர் பள்ளியில் இக்கணக்கு மேலும் கடினமாகிறது. மூன்றாம் வகுப்பிற்குக் காணொலி ஒன்றை ஒளிபரப்பும்போது, அதே அறையில் உள்ள முதல் இரு வகுப்புகளும் அதையே பார்க்கும். அவர்களுக்குத் தனிப்பணி கொடுத்தாலும் ஒலியும் ஒளியும் கவனத்தை ஈர்க்கும். ஒரு நேரத்தில் ஒரு வகுப்பிற்கு ஓர் ஆசிரியர் என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்ட கருவி, பல்வகுப்புக் கற்பித்தலில் பொருந்தாமல் நிற்கிறது.

பொறுப்பும் அச்சமும்

பள்ளிக்கு வரும் ஒவ்வொரு கருவியும் இருப்புப் பதிவேட்டில் ஏறுகிறது. ஏறிய நாள்முதல் அதற்குத் தலைமையாசிரியர் பொறுப்பாளர். தணிக்கையின்போது பொருள் இருக்கிறதா என்று பார்க்கப்படும். அதனால் எத்தனை பாடங்கள் நடந்தன என்பது அத்தணிக்கையின் வினாவன்று. உடைந்தாலோ காணாமற்போனாலோ விளக்கம் அளிக்க வேண்டும். பயன்படுத்தாமல் வைத்திருந்தால் விளக்கம் தேவைப்படுவதில்லை. இரவுக் காவலர் இல்லாத பள்ளிகளில் மடிக்கணினிகள் திருடுபோன செய்திகள் தமிழ்நாட்டில் பலமுறை வெளிவந்துள்ளன. அத்தகைய சூழலில் கருவியைப் பூட்டி வைப்பது சோம்பலின் அடையாளமன்று. பதிவேடு கற்பித்த எச்சரிக்கை.

நிர்வாக விதி பயன்பாட்டைக் காட்டிலும் பாதுகாப்பிற்கே மதிப்பளிக்கும்போது, பள்ளியும் அம்மதிப்பீட்டையே பின்பற்றும். நல்லெண்ணத்தோடு கருவியை மாணவர் கையில் கொடுத்த ஆசிரியர் இழப்பிற்கு ஆளாவதையும், பெட்டியைப் பிரிக்காத ஆசிரியர் இடர்ப்பாடின்றி ஓய்வு பெறுவதையும் உடன் பணியாற்றுவோர் காண்கின்றனர். எத்தனை ஊக்கப் பயிற்சிகள் அளித்தாலும் இக்காட்சி தரும் படிப்பினையை மாற்றுவது கடினம்.

பராமரிப்பு: மேலூர் தரும் பாடம்

தொழில்நுட்பம் நிலைபெறாமைக்கு மதுரைச் சமவெளியிலேயே நன்கு ஆராயப்பட்ட சான்று ஒன்று உண்டு. 2001-இல் மேலூர் வட்டாரச் சிற்றூர்களில் சாரி என்ற சுருக்கப்பெயரால் அறியப்பட்ட ஊரக இணையத் திட்டம் தொடங்கப்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம், ஹார்வர்டு பல்கலைக்கழகம், என்-லாக் நிறுவனம் ஆகியவை அதில் பங்கேற்றன. கோர்டெக்ட் என்னும் கம்பியில்லா இணைப்பின் வழி ஊர்தோறும் இணைய மையங்கள் அமைந்தன. சான்றிதழ் விண்ணப்பங்கள், மின்னஞ்சல், கணினிப் பயிற்சி முதலியன அவற்றின் பணிகள். உலக அளவில் இத்திட்டம் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது.

சில ஆண்டுகளில் மையங்களுள் பெரும்பாலானவை மூடப்பட்டன. மைக்கேல் பெஸ்ட், ராஜேந்திர குமார் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு அதன் காரணங்களைத் தொகுத்தது. மையம் நடத்துவோருக்கு நிலையான வருவாய் இல்லை. திட்டத்திற்கு நீடித்த நிறுவன ஆதரவு இல்லை. பயிற்சி பெற்ற அரசு அலுவலர்கள் இடமாற்றம் பெற்றபோது, அவர்களுக்குப் பின் வந்தோருக்குப் பயிற்சியோ ஈடுபாடோ இல்லாமையால் அரசுச் சேவைகள் தேய்ந்தன. அதாவது, இணைப்பை நிறுவுவதில் காட்டிய முனைப்பு அதைத் தாங்கிநிற்கும் மனித ஏற்பாட்டிற்குக் கிட்டவில்லை.

பள்ளி அனுபவத்தோடு இதனை ஒப்பிடுகையில் ஒற்றுமை தெளிவாகிறது. ஆர்வமுள்ள ஒரு தலைமையாசிரியரோ கணினி ஆசிரியரோ உள்ளவரை ஆய்வகம் இயங்கும். பொது மாறுதல் கலந்தாய்வில் அவர் வேறிடம் சென்றால், கடவுச்சொல்லும் பழுது நீக்கும் அறிவும் அவரோடு சென்றுவிடும். கணினிகளை நிறுவிய நிறுவனத்தின் ஒப்பந்தக் காலம் முடிந்தபின், ஒரு மின்கலம், ஓர் ஒளிவீழ்த்தி விளக்கு, ஒரு விசைப்பலகை ஆகியவற்றிற்கான சிறு தொகைகூடத் தடையாகிறது. கொள்முதலுக்குக் கோடிகள் ஒதுக்கப்படலாம். பழுதுபார்ப்பிற்குச் சில நூறு ரூபாய் எந்தத் தலைப்பில் செலவிடுவது என்பது தெளிவாக இராது.

மின்சாரமும் இவ்வகையில் சேர்ந்தது. மடிக்கணினித் திட்டம் தொடங்கியதை அடுத்து, 2012-ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே மதுரை உள்ளிட்ட மாவட்டங்கள் நீண்டநேர மின்வெட்டால் துன்புற்றன. மாணவர் கைக்குக் கணினி வந்த காலமும் அதற்கு மின்னூட்ட இயலாத காலமும் ஒன்றாக அமைந்தன. பின்னர் மின்சார நிலை மேம்பட்டது. ஆனால், புதிய கருவியைச் சார்ந்து பாடம் திட்டமிடலாகாது என்ற எச்சரிக்கை அத்தகைய ஆண்டுகளில் உருவாவது இயல்பு.

தேர்வும் பாடநூலும்

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியரின் பணி தேர்ச்சி விழுக்காட்டால் மதிப்பிடப்படுகிறது. பொதுத்தேர்வு எழுத்துத் தேர்வு. பாடநூலின் உட்பகுதியும் பாட இறுதி வினாக்களும் அதன் களம். செல் பிரிதலைக் காணொலியாகக் காட்டுவது புரிதலை ஆழமாக்கலாம். ஆனால், ஐந்து மதிப்பெண் வினாவிற்குரிய படத்தை வரைந்து பாகங்களைக் குறிக்கும் பயிற்சி தாளிலும் கரும்பலகையிலுமே நிகழ்கிறது. திருப்புதல் தேர்வுகள் தொடங்கும் பருவத்தில் ஆய்வகத்திற்குச் செலவிடும் ஒவ்வொரு பாடவேளையும் மதிப்பெண்ணிலிருந்து கழிக்கப்படுவதாகவே ஆசிரியர் உணர்கிறார்.

மொழியும் ஒரு கூறு. பொதுவாகத் தயாரிக்கப்படும் காணொலி ஒரே வேகத்தில், எழுத்துத்தமிழை ஒட்டிய நடையில் செல்கிறது. வகுப்பறையில் ஆசிரியர் பாடநூல் தமிழுக்கும் மதுரை வட்டாரப் பேச்சுத்தமிழுக்கும் இடையே நொடிக்கு நொடி மாறி, மாணவர் முகத்தில் தெரியும் ஐயத்தைக் கண்டு நிறுத்தி, வயலிலிருந்தோ சந்தையிலிருந்தோ ஓர் உவமை காட்டி மீண்டும் தொடர்கிறார். திரை இதனைச் செய்வதில்லை. திரையை நிறுத்தித் தாம் பேச வேண்டியிருப்பின், தொடக்கத்திலிருந்தே தாம் பேசுவது எளிது என்று ஆசிரியர் கருதுவதில் நியாயம் உண்டு.

மேல்நோக்கிச் செல்லும் தகவல்

ஆசிரியருக்குத் தொழில்நுட்பம் எந்த முகத்தோடு அறிமுகமாகிறது என்பதும் கருதத்தக்கது. கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பாகிய எமிஸ் தளத்தில் வருகைப்பதிவு, நலத்திட்ட விவரம், மதிப்பீட்டு விவரம் ஆகியவற்றைப் பதிவேற்றும் பணி நெடுங்காலம் ஆசிரியரிடம் இருந்தது. இப்பணியிலிருந்து விடுவிக்குமாறு ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து வலியுறுத்தின. உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களில் நிர்வாகி-பயிற்றுநர்கள் பணியமர்த்தப்பட்டதும் இச்சுமையைக் குறைக்கும் முயற்சியின் ஒரு பகுதி.

கற்பித்தலுக்கு வந்த கணினி அறிக்கை அனுப்பும் கணினியாகவும், ஆய்வகம் இணையவழி மதிப்பீட்டு மையமாகவும் மாறும்போது கருவி செயலற்றுக் கிடக்கவில்லை. வேறு பணியில் உழைக்கிறது. அதன் பயன் மாணவரை நோக்கி இறங்குவதற்கு மாறாக அலுவலகத்தை நோக்கி ஏறுகிறது. ஆசிரியர் வெறுப்பது கணினியை அன்று. அதன் வழி வரும் மேற்பணியை. மனப்பான்மை வினாநிரல் இவ்விரண்டையும் பிரித்தறிவதில்லை.

பயன்படும் கருவிகள் காட்டும் உண்மை

ஆசிரியர் தொழில்நுட்பத்தை விலக்குபவர் என்ற கருத்திற்கு வலுவான மறுப்பு அவருடைய சட்டைப்பையிலும் கைப்பையிலும் உள்ளது. பெருந்தொற்றுக் காலத்தில் வாட்ஸ்ஆப் குழுக்களைத் தொடங்கி, பயிற்சித்தாள்களை அனுப்பி, சொந்தக் கைப்பேசியில் பாடங்களைப் பதிவுசெய்தோர் இதே ஆசிரியர்களே. வினாத்தாள்களையும் பாடக்குறிப்புகளையும் பகிரும் வலைத்தளங்கள் பலவற்றை ஆசிரியர்களே நடத்துகின்றனர். பாடநூலின் க்யூஆர் குறியீட்டை வீட்டில் கைப்பேசியால் திறந்து பார்த்து, மறுநாள் பாடத்திற்கு ஆயத்தமாவதும் பயன்பாடே. கருவி தம் உடைமையாக இருத்தல், அனுமதி வேண்டாமை, பழுதானால் அருகிலேயே சரிசெய்ய இயலுதல், வேண்டிய நேரத்தில் மட்டும் எடுத்தாள இயலுதல் ஆகியன இவற்றின் பொது இயல்புகள்.

அரசே வழங்கிய கருவி நிலைபெற்றதற்கும் சான்று உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007–08-இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில் அட்டைகள், ஏணிப்படி அட்டவணை, தாழ்வான கரும்பலகை ஆகியவை அன்றாடம் புழங்கின. அட்டைகளுக்காகப் பள்ளி நாளே மாற்றியமைக்கப்பட்டது. இருக்கை முறையும் மதிப்பீடும் ஆசிரியப் பயிற்றுநர் வருகையும் அதனோடு இணைந்தன. பல்வகுப்புச் சூழலை அது தடையாகக் கருதாமல் அடிப்படையாகக் கொண்டது. அம்முறை குறித்த கருத்து வேறுபாடுகள் பல. ஆயினும், பள்ளியின் அமைப்பு மாறினால் கருவி இயங்கும் என்பதற்கு அது சான்று.

அண்டை மாநிலமான கேரளம் 2001-இல் ஐடி அட் ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கி, 2017-இல் அதனைக் கைட் என்னும் நிறுவனமாக மாற்றியது. அங்கு ஆசிரியர்களே முதன்மைப் பயிற்றுநராயினர். கட்டற்ற மென்பொருளைப் பள்ளித் தேவைக்கேற்ப அவர்களே திருத்தியமைத்தனர். பள்ளிதோறும் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர் உண்டு. தகவல் தொழில்நுட்பம் பத்தாம் வகுப்புத் தேர்வில் இடம்பெற்றது. 2018-இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் அமைப்பின் வழி மாணவரும் கருவிப் பராமரிப்பில் பங்கேற்கின்றனர். 8 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு 45,000 வகுப்பறைகளில் கருவிகள் பொருத்தப்பட்டபோது, அவற்றைத் தாங்கும் மனித அமைப்பு முன்னரே உருவாகியிருந்தது. மேலூரில் இல்லாமற்போனதும் கேரளத்தில் இருந்ததும் அதுவே.

பயன்படாமை எப்போதும் குறையா?

இவ்விடத்தில் மறுதலைக் கருத்து ஒன்றையும் எடையிட வேண்டும். கருவி மிகுந்தால் கற்றல் மிகும் என்பது உறுதியான உண்மையன்று. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 2015-இல் வெளியிட்ட அறிக்கை, பள்ளிக் கணினிகளில் பெரும் முதலீடு செய்த நாடுகளில் வாசிப்பு, கணிதம், அறிவியல் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை எனக் காட்டியது. பெரு நாட்டில் குழந்தைக்கொரு மடிக்கணினி வழங்கியதை 319 பள்ளிகளில் ஆராய்ந்த மதிப்பீடு, மொழியிலும் கணிதத்திலும் அடைவு உயரவில்லை எனக் கண்டது. மாறாக, தமிழ்நாட்டில் பெருந்தொற்றுக்குப் பின் தன்னார்வலர் மாலைநேரத்தில் கற்பித்த இல்லம் தேடிக் கல்வித் திட்டம், மாணவர் மீட்டுக்கொண்ட கற்றல் இழப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிற்குக் காரணமாக இருந்தது என அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு மதிப்பிட்டது. அங்கு செயற்பட்ட முதன்மை ஆற்றல் மனிதரே.

ஆதலால், ஆசிரியர் ஒரு கருவியை ஒதுக்குவது சில வேளைகளில் சரியான கற்பித்தல் முடிவாகவும் இருக்கலாம். இதனால் எல்லாப் பயன்படாமையும் நியாயமாகிவிடாது. நல்ல வசதியும் நேரமும் உதவியும் இருந்தும் புதியதைத் தொடாத ஆசிரியர் உண்டு. ஒரே பள்ளியில் ஒருவர் பயன்படுத்த மற்றவர் விலகி நிற்பதும் உண்டு. ஆனால், அமைப்பின் தடைகளை நீக்கிய பின்னரே எஞ்சியிருப்பதைத் தனிமனிதர் குறை எனக் கூற இயலும். வரிசை மாறினால் முடிவும் பிழைபடும்.

ஆய்வுகளுக்கான திசைகள்

இத்துறையில் ஈடுபடும் ஆய்வாளர் மனப்பான்மை அளவையோடு வேறு சில தரவுகளையும் திரட்டுதல் வேண்டும். ஒரு பாடவேளையில் கருவியை ஆயத்தம் செய்யச் செலவான நிமிடங்கள், பழுது பதிவான நாளுக்கும் நீங்கிய நாளுக்கும் இடையிலான இடைவெளி, ஆய்வகப் பயன்பாட்டில் கற்பித்தலுக்கும் அலுவல் பணிக்கும் சென்ற நேரம், பயிற்சி பெற்ற ஆசிரியர் மாறுதலுக்குப் பின் ஏற்படும் மாற்றம் ஆகியன அளக்கத்தக்கவை. மாநகராட்சிப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, துறைப் பள்ளி ஆகியவற்றை ஒப்பிட்டால் நிர்வாக அமைப்பின் பங்கு தனித்துப் புலப்படும். அவ்வகையில் பல நிர்வாகங்கள் ஒருங்கே அமைந்த மதுரை மாவட்டம் ஏற்றதோர் ஆய்வுக்களம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கல்விப் பல்லூடக ஆய்வு மையம் போன்ற அமைப்புகள் அருகிலேயே இருப்பது, உருவாக்குவோரும் பயன்படுத்துவோரும் இணைந்து ஆராயவும் வாய்ப்பளிக்கிறது.

முடிவுரை

வகுப்பறைத் தொழில்நுட்பம் பயன்பாடின்றிக் கிடப்பதை ஆசிரியரின் மனநிலையிலிருந்து மட்டும் விளக்க இயலாது. குறுகிய பாடவேளை, இழப்பிற்கு மட்டும் விளக்கம் கேட்கும் பதிவேடு, ஒப்பந்தத்தோடு முடியும் பராமரிப்பு, எழுத்துத் தேர்வின் கட்டாயம், மேலிடத்திற்கு அனுப்பும் தகவலின் சுமை ஆகியவற்றினிடையே ஆசிரியர் எடுக்கும் முடிவே பயன்படாமையாக வெளிப்படுகிறது. அம்முடிவு பெரும்பாலும் அறிவுக்கு உகந்தது. அதை மாற்ற விரும்புவோர் அம்முடிவு பிறக்கும் சூழலை மாற்றுதல் வேண்டும்.

இயல்பான தேய்மானத்தைப் பொறுத்துக்கொள்ளும் இருப்புப் பதிவேட்டு விதி, தலைமையாசிரியர் தாமே செலவிடத்தக்க சிறு பழுதுநீக்கத் தொகை, வட்டார வள மையத்தில் பழுதுநீக்குநர், பல்வகுப்புக்கு ஏற்ற உள்ளடக்கம், கொள்முதலுக்கு முன் ஆசிரியர் கருத்துக்கேட்பு ஆகியன பெருஞ்செலவு வேண்டாத மாற்றங்கள். இவை நிறைவேறாத வரையில், புதிதாக வரும் கருவியும் சில ஆண்டுகளில் பழைய கருவி வைக்கப்பட்ட அறைக்கே செல்லும். அப்போதும் ஆசிரியரே குறைகூறப்படுவார். கருவியால் பயன்பெற வேண்டிய மாணவரோ அதற்குள் பள்ளிப் படிப்பையே முடித்திருப்பார்.